மெசின் இருக்கெண்டு சொல்லுங்க

இல்ல தம்பி, குடைக்கு வரல்ல. குடைய நேத்தே நீங்க எடுத்துத் தந்திட்டீங்கதானே, இந்தா கையிலயே இருக்கு. ஆனா அந்தக் குடையாலதான் இண்டைக்கு வந்தனான் எண்டும் சொல்லலாம். இருக்கட்டா? முழங்கால் கொஞ்சம் சரியில்ல. உங்கட பெரியவர் வர முன்னம் ரெண்டு கதை கதைச்சிட்டுப் போயிருவன், மறிச்சு வைக்க மாட்டன்.

தேத்தண்ணி வேணாம். சரி, பால் விடாமப் பிளேன்டி எண்டா ஒண்டு சொல்லுங்க. சீனி போடாம.

நேத்து நானும் என்ட மச்சானும் உங்கட வாசலத் தாண்டி ரோட்டுக்கு இறங்கப் போறம். நீங்க பின்னால வந்து, அங்கிள், குடைய விட்டுட்டுப் போறீங்க எண்டு சொன்னீங்க. தமிழில. ஒரு மணித்தியாலத்துக்கு மேல உங்களோட சிங்களத்தில விலை பேசியிருக்கிறன் தம்பி. நீங்க தந்த விசிட்டிங் காட்டைக்கூட பாக்காமப் பொக்கெட்டுக்குள்ள போட்டனான். பஸ்ஸுக்குள்ள எடுத்துப் பாத்தா உங்கட பேர் மஷூர் எண்டு இருக்கு.

பிழை என்டதான். கொட்டாஞ்சேனையில பிறந்து, துறைமுகத்தில கிளாக்கா இருந்து தலை நரைச்ச ஆள் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நிண்டா வாய் தன்ட பாட்டில சிங்களத்துக்குப் போயிரும். எதிர்ல நிக்கிறது ஆரெண்டு பாக்கிறதில்ல. நீங்களும் போனில அய்யே, மல்லி எண்டு சிங்களத்தில கதைச்சுக்கொண்டு நிண்டீங்க. நான் சிங்களத்தில தொடங்க நீங்களும் அதிலயே போயிட்டீங்க. தமிழ் கதைக்கிற ரெண்டு பேர் இப்பிடி மினக்கெடுறது கொழும்பில மட்டும்தான் நடக்கும். சிரிக்கிறீங்க. சிரியுங்க, என்னால ஒருத்தர் சிரிச்சு கன நாளாகுது.

ஆனா நீங்க எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீங்க. மச்சான் பேர்னாட் என்னட்டத் தமிழில சொன்னதையும் கேட்டீங்க, அதையே நான் உங்களுக்குச் சிங்களத்தில சொன்னதையும் கேட்டீங்க. ரெண்டும் ஒண்டில்ல எண்டு உங்களுக்குத் தெரியும். முகத்தில ஒண்டையும் காட்டேல்ல. அதுக்குத்தான் முதல்ல நன்றி சொல்லோணும்.

அவன் உங்கட நீல டிராக்டர் மெசினச் சுத்திச் சுத்தி வந்து, சில்லத் தட்டிப் பாத்திட்டு, அத்தான், எங்கட களிமண்ணுக்கு இது நல்லா இழுக்கும், இதையே எடுப்பம் எண்டவன். நான் உங்களுக்கு என்ன சொன்னனான்? மச்சானுக்கு மனம் பிடிக்கேல்லயாம், அந்த மண்ணில இது புதையுமாம், சிவப்பு டிராக்டர் விக்கிறவன் இதவிடக் குறைச்சுத் தாறானாம். அப்பிடித்தானே? நீங்க பாவம், உள்ளுக்குப் போய்ப் பெரியவரோட கதைச்சிட்டு வந்து விலையக் குறைச்சீங்க. கலப்பையச் சும்மா தாறம் எண்டீங்க. மெசின் யாட்டிலயே நிக்குது, மாரி மழைக்கு முன்னம் மச்சான்ட ஊர் முருங்கனுக்கு லொறியில ஏத்திக் கொண்டுபோய் இறக்கித் தாறம், சேர்விஸ் செய்ய மன்னாரிலயே ஆள் இருக்கு எண்டீங்க. நான் அவனுக்கு என்ன சொன்னனான்? கப்பல் வரேல்லயாம், தை பிறக்கோணுமாம், விலையில ஒரு சதம் குறையாதாம்.

கேட்டுக்கொண்டு நிண்டீங்கதானே.

ஓம், விளங்குது, குடும்பக் கதைக்குள்ள நாங்க ஏன் எண்டு நினைச்சிருப்பீங்க. இல்லாட்டி, கிழவன் மற்றக் கடையில கொமிசன் வாங்கியிருக்கிறான் எண்டு நினைச்சிருப்பீங்க. இல்லயெண்டு தலையாட்டாதீங்க, நான் உங்கட இடத்தில இருந்தா அதத்தான் நினைச்சிருப்பன். அதெண்டாப் பரவாயில்ல தம்பி. அது சின்னக் களவு.

எனக்கு விலை பேசத் தெரியாம இல்ல. நோபேட் எண்டு என்ட பேரச் சொன்னா வார்ஃபில இப்பவும் நாலு பேர் சொல்லுவினம். மாசக் கடைசியில போகோணும், உங்களுக்கெல்லாம் மாசத்துக்கு இத்தின மெசின் விக்கோணுமெண்டு இருக்குத்தானே. கடை சாத்துற நேரம் பாத்துப் போகோணும். பிடிச்ச மெசினப் பாக்காம மற்றதப் பாக்கோணும். விலைய விட்டுட்டுப் பின்னால கொழுவுற பெட்டியப் பற்றிக் கதைக்கோணும், பிறகு கலப்பை, பிறகு லொறிக் கூலி. எல்லாம் சும்மா வந்த பிறகுதான் விலைக்குத் திரும்ப வரோணும். இதையெல்லாம் மச்சானுக்குப் பஸ்ஸில வரேக்க படிப்பிச்சுக்கொண்டு வந்தனான். அவன், ஓம் அத்தான், ஓம் அத்தான் எண்டு கேட்டுக்கொண்டு வந்தவன். எல்லாம் தெரிஞ்சுதான் தலைகீழாச் செய்தனான். விலையக் குறைக்கிறது லேசு தம்பி. குறைஞ்ச விலைய ஏத்திச் சொல்லிப்போட்டு, ஏமாந்து நிக்கிற மனுசன்ட முகத்தப் பாக்கிறதுதான் கஷ்டம்.

உங்கட கடை முதல் கடையில்ல. மூண்டாவது.

முதல் கடைக்காரன் சிங்கள ஆள், நல்ல மனுசன். தன்ட தகப்பனும் வயல்காரன்தான் எண்டு கதைச்சுப்போட்டு, பெட்டியப் பாதி விலைக்குத் தாறன் எண்டான். நான் பேர்னாட்டுக்குச் சொன்னன், பெட்டி இல்லாம மெசின் குடுக்க மாட்டானாம், ரெண்டுக்கும் முழு விலையாம் எண்டு. ரெண்டாவது கடையில லீசிங்குக்கு ஒரு பிள்ளை இருந்தது. பிணைக்குக் கொழும்பு ஆள் ஒருத்தர் காணும், அங்கிள், நீங்களே நிக்கலாம் எண்டது. என்னைத்தான் கேட்டது, விளங்குதா? நான் திரும்பி அவனுக்குச் சொன்னன், மன்னாரில இருந்து கவுண்மேந்து உத்தியோகத்தர் ரெண்டு பேர் வந்து கையெழுத்து வைக்கோணுமாம் எண்டு. ஒவ்வொரு கடையிலயும் அவன் என்ட முகத்தப் பாத்து, என்ன சொல்லுறாங்க அத்தான் எண்டு கேப்பான். நான் சொல்லுவன். சரி அத்தான், வாங்க போவம் எண்டுவான். அவ்வளவுதான். ஒரு குறுக்குக் கேள்வி இல்ல.

நேத்து இந்த மெசினில அவன ஏத்தி இருத்தினீங்க, ஞாபகம் இருக்கா? புது மெசின், கிளச்சில கால வைக்க வேணாம் எண்டு என்னட்டச் சிங்களத்தில சொன்னீங்க. நான் வாய் திறக்க முன்னமே அவன் கால எடுத்திட்டான். மெசினில அவ்வளவு பயபக்தி எண்டு அப்ப நினைச்சன். ரெண்டு கையையும் முழங்காலில வச்சுக்கொண்டு பூசையில இருக்கிற மாதிரி இருந்தான். அதப் பாத்த பிறகும் கப்பல் வரேல்லயெண்டு சொன்ன ஆள் நான்.

வெளிய போனா மழை. குடை என்டதான், பிடிச்சது அவன். என்னை நனைய விடாம, தன்ட ஒரு தோள் முழுக்க நனைஞ்சு, பஸ் ஹோல்ட் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு வந்தான். அந்த மூலைத் தேத்தண்ணிக் கடைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்ப் பிளேன்டி வாங்கித் தந்தான். குடியுங்க அத்தான், எனக்காக எவ்வளவு நேரம் கதைச்சிட்டீங்க, தொண்டை காஞ்சிருக்கும் எண்டான். பரவாயில்ல, அடுத்த போகம் பாப்பம் எண்டான்.

அந்தத் தேத்தண்ணி இன்னும் இறங்கேல்ல தம்பி எனக்கு.

அவனுக்கு முருங்கனில வயல் இருக்கு. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணி பாயுற நல்ல வயல். மனிசி றஞ்சிதமும் மகளும் அங்கதான், மனிசியின்ட தாய் வீட்டில. வயல் உழுறதுக்கு றஞ்சிதம் மற்றவன்ட மெசினுக்குக் காவல் நிக்கோணும். மெசின்காரன் தன்ட வயல முடிச்சு, தன்ட சொந்தக்காரன்ட வயல முடிச்சு, கடைசியா இவன்ட வயலுக்கு வர விதைக்கிற காலம் போயிரும். ரெண்டு போகம் அப்பிடித்தான் வீணாப் போனது. அதுக்குத்தான் இவன் வெள்ளவத்தையில ஒரு ஹாட்வெயார் கடையில சீமெந்து மூட்டை தூக்கி, சல்லி சேத்தவன். ஞாயிற்றுக்கிழமையில மகள் போனில கேக்கும், அப்பா மெசின் எடுத்தாச்சா எண்டு. நான் பக்கத்து அறையில இருந்து கேட்டுக்கொண்டிருப்பன். அவன் எங்கட வீட்டிலதானே இருக்கிறான்.

அதுதான் தம்பி. அவன் எங்கட வீட்டில இருக்கிறான்.

என்ட மனிசி செலீன், அவனுக்குக் கூடப் பிறந்த அக்கா. சண்டை முடிஞ்சு, ஆமி பிடிச்சு வச்சிருந்த ஆக்கள விட்ட நேரம் அவனும் வெளிய வந்து நேரா எங்களிட்ட வந்தவன். நாலு நாள் நிண்டுட்டு ஊருக்குப் போறன் எண்டுதான் வந்தவன். வந்த மாசமே அவவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்திட்டுது. நாங்க இருக்கிறது மூண்டாம் மாடி. லிப்ட் இல்ல. காலமை கட்டிலில இருந்து தூக்கிக் கதிரையில இருத்திறது அவன். கழுவுறதுக்குக் கொண்டுபோய் விடுறது அவன். களுபோவில ஆஸ்பத்திரியில கிளினிக் வரேக்க அவ்வளவு படியும் கையில தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்பத் தூக்கிக்கொண்டு ஏறுறதும் அவன்தான். சின்ன வயசில அவதான் இவனத் தூக்கித் திரிஞ்சவவாம். இப்ப வட்டியோட அறவிடுறா எண்டு பகிடி விடுவான், அவ கோணின வாயால சிரிப்பா. என்னோட அவ அப்பிடிச் சிரிக்கிறதில்ல. எனக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்தது, பாரம் தூக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். அது உண்மை. அத நான் நல்லாப் பாவிச்சனான் எண்டதும் உண்மை.

மெசின் எடுத்தா அவன் போயிருவான். எடுத்த அடுத்த நாளே போயிருவான், போகத்தான் வேணும். அவன் போனா செலீன ஆர் தூக்கிறது? அந்தக் கேள்விய அவனிட்டயே கேட்டிருக்கலாம். பேர்னாட், ஒரு வருசம் பொறு, அக்காவுக்கு ஒரு ஒழுங்கு செய்யும் வரைக்கும் எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நிண்டிருப்பான். எனக்கு வாய் வரேல்ல. கேட்டா அது கடன் மாதிரி ஆகிப்போகும். சிங்களத்தில நாலு பொய் சொல்லுறது எனக்கு அதவிட லேசா இருந்தது.

வழி இல்லாமலும் இல்ல. கொட்டாஞ்சேனையில என்ட அக்கா மாக்ரெட்ட வீட்டில கீழ ஒரு அறை சும்மாதான் கிடக்கு. படியே இல்ல. அவவோட எனக்குக் கதை பேச்சில்ல, பழைய வீட்டுப் பங்குக் கதை. அக்காட்டப் போய்த் தலை குனியிறதவிட மச்சான்ட தலையில ஏத்தலாமெண்டு நினைச்சனான் போல. போலயில்ல, நினைச்சனான்.

இன்னொண்டு கேளுங்க. போன செவ்வாய்க்கிழமை செலீன் என்னைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு அனுப்பினவ. தம்பிக்கு நல்ல மெசின் சரிவரோணும், ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வாங்க எண்டு. போனனான். கொளுத்தினனான். நான் என்ன கேட்டன் எண்டு மட்டும் கேக்காதீங்க. நேத்துப் பின்னேரம் வீட்ட போக, கதிரையில இருந்தபடி, சரிவந்ததா எண்டு கேட்டா. இல்ல எண்டு சொன்னன். நல்லா இருக்கிற கையால தன்ட நெத்தியில அடிச்சா. தன்னால அவன் இங்க மறிபட்டுப் போனானெண்டு அவவுக்கு ஏற்கனவே ஒரு மனவருத்தம் இருக்கு. அதுக்கு மேல நான் இதையும் ஏத்தி வச்சன்.

இண்டைக்குக் காலமை கிளினிக். நித்திரை இல்லாம எழும்பின நான், நானும் வாறன் எண்டு சொன்னன். இவ்வளவு காலத்தில முதல் தரம். ஓம், முதல் தரம். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தினம். களுபோவிலயில அவன எல்லாருக்கும் தெரியுது. வாசலில நிக்கிற ஆள் சக்கரக் கதிரையத் தானே தள்ளிக்கொண்டு வாறான். நேர்ஸ் பொம்பிளை செலீன்ட தலையத் தடவிப்போட்டுப் போறா. என்னை ஒருத்தருக்கும் தெரியாது. இந்தக் குடையப் பிடிச்சுக்கொண்டு சுவரோட நிண்டன். கொஞ்ச நேரத்தில, மருந்துக் கடைக்குப் போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு, ரோட்டுக்கு வந்து, நேரா உங்களிட்ட பஸ் ஏறினன். அவங்க இப்பவும் அங்க லைனில இருப்பினம்.

அதனால ஒரு உதவி செய்யோணும் தம்பி. அவன்ட போன் நம்பர் உங்களிட்ட இருக்கு, நேத்து அவன்தானே எழுதித் தந்தவன். எடுத்து, மெசின் இருக்கெண்டு சொல்லுங்க. குறைச்ச விலையச் சொல்லுங்க, கலப்பை சும்மா எண்டு சொல்லுங்க, மழைக்கு முன்னம் முருங்கனில இறக்கலாம் எண்டு சொல்லுங்க. நேத்து பிழையாச் சொல்லுப்பட்டுப் போச்சு எண்டு சொல்லுங்க. ஆர் பிழை எண்டு கேட்டா என்ட பேரச் சொல்லலாம், பரவாயில்ல. லீசிங்குக்குப் பிணை நான் நிக்கிறன். இந்தா, ஐடென்டிக் காட் கொண்டு வந்தனான், கொப்பி எடுங்க.

செலீனுக்கா? இங்க இருந்து நேரா கொட்டாஞ்சேனைக்குத்தான் போறன். அக்கா கதவத் திறந்தாச் சரி. திறக்காட்டி வாசலில நிக்கிறன், மழை வந்தாலும் குடை இருக்குத்தானே.

நானே அவனிட்டச் சொல்லியிருக்கலாம். ஓம். லைனில பக்கத்தில நிக்கேக்க சொல்லத்தான் பாத்தனான். பேர்னாட் எண்டு கூப்பிட்டுமிட்டன். என்ன அத்தான் எண்டு திரும்பினான். தண்ணிப் போத்தல் எங்க எண்டு கேட்டன்.

எடுக்கப் போறீங்களா, இப்பவே? எடுங்க, எடுங்க. எடுத்தாத்தான் நானும் இந்தக் கதிரையில இருந்து எழும்பலாம்.

என்ன, தமிழிலயா கதைக்கிறது எண்டு கேக்கிறீங்க? எதில வேணுமெண்டாலும் கதையுங்க. நேத்துத் தொடங்கின மாதிரிச் சிங்களத்திலயே கதைக்கலாம். அவனுக்கு விளங்கும்.

ஓம் தம்பி. நல்லா விளங்கும். என்னைவிட நல்லாக் கதைக்கிறான். காலமை அந்த நேர்ஸ் என்னைக் காட்டி இவர் ஆரெண்டு கேக்க, எங்கட அக்காட புருசன், நல்ல மனுசன் எண்டு சிங்களத்தில சொல்லுறான், நான் பக்கத்தில நிக்கிறன். தன்னைப் பிடிச்சு வச்சிருந்த காலத்தில காவலுக்கு நிண்ட ஆமிப் பொடியன்களோட கதைச்சுப் பழகினதாம், நேர்ஸுக்குச் சொல்லுறான். என்னட்டச் சொல்லேல்ல. நான் கேட்டாத்தானே சொல்லுறதுக்கு. இவ்வளவு காலமும் அங்க டொக்டரோட ஆர் கதைச்சதெண்டு ஒரு நாள்கூட நான் யோசிச்சுப் பாக்கேல்ல.

அப்ப மூண்டு கடையிலயும் அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கு. பெட்டி பாதி விலை எண்டதும் கேட்டிருக்கு. பிணைக்கு அங்கிள் காணும் எண்டதும் கேட்டிருக்கு. யாட்டில மெசின் நிக்குது எண்டு நீங்க சொன்னதும் கேட்டிருக்கு. அதையெல்லாம் கேட்டுட்டுத்தான் என்ட முகத்தப் பாத்து, என்ன சொல்லுறாங்க அத்தான் எண்டு கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தரமும் எனக்கு ஒரு சந்தர்ப்பம் தந்திருக்கிறான்.

கேட்டுட்டுத்தான் எனக்குக் குடை பிடிச்சவன். தொண்டை காஞ்சிருக்கும் எண்டு தேத்தண்ணி வாங்கித் தந்தவன்.

றிங் போகுதா? என்னட்டத் தராதீங்க தம்பி. நீங்களே கதையுங்க.